மும்பையில் அம்மா, மாமியார், பாட்டி வேடம்: தேதி, காசு, ஆடிஷன், ஒப்பந்தம்

கமலா_மாதுங்கா

நாற்பதைத் தாண்டிய, சபா நாடக அனுபவம் உள்ள பெண்கள் இந்தி சீரியல், வெப் சீரிஸ், விளம்பரம் என்று கேரக்டர் ரோலுக்கு, அதாவது குணச்சித்திர வேடங்களுக்கு, போவது பற்றி இங்கே கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதில்கள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் சேர்த்துவிடுவோம். துறையின் உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வேட வகையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். எபிசோடிக் என்றால் ஒரே கதை, இரண்டு மூன்று நாள் வேலை, அத்தோடு முடிந்தது. கேமியோ என்றால் ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்குள் வந்து ஒரு திருப்பத்தை உண்டாக்கிவிட்டுப் போகும் வேடம்: நீதிபதி, டாக்டர், கல்யாணத் தரகர், ஊரிலிருந்து வரும் பெரியம்மா. அப்படி ஒரு கதைப்பகுதி, அதாவது ட்ராக், சில வாரங்கள் போகும். கன்டினியூட்டி என்றால் அந்த வீட்டுக் குடும்பத்தில் நீங்களும் ஒருத்தி, தொடர் ஓடும்வரை.

எல்லோருக்கும் கன்டினியூட்டிதான் ஆசை. ஆனால் முதல் வருஷத்துக்கு எபிசோடிக்கும் கேமியோவுமே மேல் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த வேலைக்கான அழைப்பு பெரும்பாலும் பழைய யூனிட்டின் ஏடியிடமிருந்துதான் (உதவி இயக்குநர்) வரும். ஒரே செட்டில் பத்து மாதம் இருந்தால் ஒரு யூனிட்டுக்குத்தான் உங்களைத் தெரியும். பத்து செட்டில் மும்மூன்று நாள் இருந்தால் பத்து ஏடிகளின் போனில் உங்கள் பெயர் இருக்கும்.

கன்டினியூட்டியில் இன்னொரு சிக்கல், தேதி. அதை ரகு சார் சொன்னால்தான் சரியாக இருக்கும்.


ரகு_முலுண்ட்

சொல்றேன் கமலா மேடம். புரொடக்‌ஷன் கணக்குப் பக்கத்திலிருந்து பார்த்தா, கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் நஷ்டப்படறது சம்பளம் குறைவா பேசினதால இல்ல. தேதியை இனாமா குடுத்ததால.

நாள் சம்பளம்தான் வழக்கம், ஒரு நாள்னா 12 மணி நேர ஷிப்ட். "மாசம் 20 நாள் பிளாக் பண்ணிக்கிறோம்"னு சொல்வாங்க. ஆனா கதை வேற பக்கம் போச்சுன்னா உங்களைக் கூப்பிடறது 6 நாளோ 7 நாளோதான், காசும் அந்த 7 நாளுக்குத்தான். மீதி 13 நாளையும் நீங்க வேற யாருக்கும் குடுத்திருக்க முடியாது. அதனால நாள் ரேட்டை ஆயிரம் ரூபாய் ஏத்தப் போராடறதை விட, மினிமம் கேரன்ட்டி நாள் எழுதி வாங்குங்க. மாசம் 20 நாள் பிளாக்னா குறைஞ்சது 12 நாள் சம்பளம்னு. குடுக்க மாட்டேங்கிறாங்களா, அப்ப நான்-எக்ஸ்க்ளூசிவ், அதாவது வேற இடத்துலயும் நடிக்கலாம்னு எழுதச் சொல்லுங்க. ரெண்டும் இல்லாத ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாதீங்க.

அடுத்தது எப்ப வரும்ங்கிறது. இந்தி டிவியில 90 நாள் கழிச்சுதான் பேமென்ட்ங்கிறது பல வருஷப் பழக்கம். அதைக் குறைக்கச் சொல்லி இங்க இருக்கிற நடிகர் சங்கம் சிண்டா கேட்டுக்கிட்டே இருக்கு. மாச முடிவுல பில் போட்டு, அதிலிருந்து 90 நாள் எண்ணினா, ஜூன் முதல் தேதி நடிச்ச நாளுக்கான காசு செப்டம்பர் கடைசியில வருது. அதாவது நாலு மாசம். வேலைக்குப் போக ஆரம்பிச்ச பிறகும் நாலு மாசத்துக்கு ரயில், ஆட்டோ, மேக்கப் சாமான், பிளவுஸ் தையல் எல்லாம் கைக்காசுதான்னு கணக்குப் போட்டுட்டு இறங்கணும்.

உதாரணத்துக்கு நாளுக்கு 6,000 ரூபாய், 10 நாள்னு வெச்சுக்குங்க. மொத்தம் 60,000. டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, 10 விழுக்காடு, 6,000 போச்சு. வேலை பிடிச்சுக் குடுக்கிற கோஆர்டினேட்டர் 20 விழுக்காடு கேட்டா 12,000. கைக்கு 42,000. அந்த 6,000 வரிக் கணக்கு தாக்கல் பண்ணா திரும்பி வரலாம், 12,000 வராது. கமிஷன் பத்திலிருந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஆளுக்கு ஆள் மாறும். நீங்க பேச வேண்டியது சதவீதம் மட்டும் இல்ல, அந்தக் கமிஷன் எத்தனை நாளைக்குங்கிறதும்தான். ஒரு தடவை அறிமுகம் பண்ணிவிட்டதுக்கு ரெண்டு வருஷம் ஓடற தொடர் முழுக்கக் கமிஷன் குடுத்துக்கிட்டிருக்கிறவங்க உண்டு. முதல் மூணு மாசம் மட்டும்னு முதல்லயே பேசிடுங்க.

கன்வேயன்ஸ் (போக்குவரத்துச் செலவு) தனியா உண்டா, சம்பளத்துக்குள்ளயா? இதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சு, ஆள் மாறினதும் போயிடும். தொடர் நடுவுல ஈபி (எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர்) மாறறது சாதாரணம்.


அனிதா_செம்பூர்

பில் என்றால் எப்படி? நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா? ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்வார்களா?


ரகு_முலுண்ட்

நாமேதான். பெயர், முகவரி, பான் நம்பர், தொடர் பேர், வேடத்தோட பேர், நடிச்ச தேதிகள் ஒவ்வொண்ணா, நாள் ரேட், மொத்தம், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி. ஒவ்வொரு தேதிக்கும் உள்ளே போன நேரம், பேக்-அப் (வேலை முடிஞ்ச) நேரம் ரெண்டையும் உங்க நோட்டுல எழுதி வெச்சுக்குங்க. ஷிப்ட் தாண்டின நாளுக்கு எக்ஸ்ட்ரா கேட்கணும்னா அந்த நேரம்தான் ஆதாரம். மாசக் கடைசி நாளே அனுப்பிடுங்க. அஞ்சாம் தேதி அனுப்பினா அடுத்த மாசக் கணக்குல தள்ளிடுவாங்க, 90 நாள் 120 ஆயிடும்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவு கட்டாயம். அதுக்குக் கீழேன்னா வேண்டாம். வருமான வரியில திரைக் கலைஞர் தொழில் உத்தேச வருமான முறைக்குள்ள வருது. வரவுல பாதியை வருமானம்னு காட்டினாப் போதும், செலவுக் கணக்குப் புத்தகம் தேவையில்ல. வருஷ வரவு 50 லட்சத்துக்குள்ள இருக்கணும், ரொக்கமா வாங்கறது 5 விழுக்காட்டைத் தாண்டலன்னா 75 லட்சம் வரைக்கும். ஆனா டிடிஎஸ் ஒழுங்கா உங்க பான்ல ஏறிச்சான்னு வரித்துறையோட 26ஏஎஸ் அறிக்கையில மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. பிடிச்சுட்டுக் கட்டாம விடற சின்ன கம்பெனிகள் இருக்கு. அவங்க ஆபீஸ் மூடினப்புறம் தேடினா பதில் சொல்ல ஆள் இருக்காது.


வாசுகி_வடாலா

ஆடிஷன் பகுதியை நான் எழுதுகிறேன். காஸ்டிங் ஆபீஸ்கள் இருக்கும் ஆராம் நகரில் வாசல் வாசலாகப் போட்டோ கொடுத்துக்கொண்டு திரிவது இன்னும் நடக்கிறது. ஆனால் கேரக்டர் ரோலுக்கு முதல் வடிகட்டல் இப்போது செல்ஃப் டேப்பில்தான், அதாவது நாமே வீட்டில் எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோவில். நல்ல நடிகைகள் பலர் இந்த முதல் படியிலேயே விழுகிறார்கள், காரணம் நடிப்பே இல்லை.

போன் கிடைமட்டமாக இருக்க வேண்டும். பின்பக்க கேமராவில், 1080 வீடியோ தரத்தில் எடுங்கள். லென்ஸ் உங்கள் கண் உயரத்தில். ஏழெட்டுப் புத்தகம் அடுக்கி அதன்மேல் வைத்தாலும் சரி, கீழிருந்து மேல்நோக்கி எடுத்த டேப்பில் தாடைதான் தெரியும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மார்பு வரை ஃபிரேம். ஜன்னல் உங்களுக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துப் போகும். வெற்றுச் சுவர், வெளிர் சாம்பலோ வெளிர் நீலமோ. பூஜை அலமாரியும் காலண்டரும் பின்னால் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பொடிக்கட்டம், மெல்லிய கோடு போட்ட சேலை கேமராவில் மினுமினுக்கும். ஒரே நிறச் சேலை, சின்னக் கரை போதும்.

எதிர் வசனம் படிப்பவர் லென்ஸுக்கு ஒட்டி நிற்க வேண்டும், உங்களைவிடத் தாழ்ந்த குரலில். அவர் அறையின் மூலையில் நின்றால் உங்கள் பார்வை அங்கே போய்விடும், கண்ணில் பாதிதான் பதிவாகும். அவர் போனுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் டேப் முழுக்க அவர் நடிப்புத்தான் கேட்கும்.

அறிமுகம் தனிக் கோப்பாக, முப்பது நொடிக்குள்: பெயர், உயரம், நடிக்கக்கூடிய வயது வரம்பு, எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், என்னென்ன மொழி, எந்தத் தேதிகள் கையில் இல்லை. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டு கையும் முன்னும் பின்னும். விளம்பரத்துக்குக் கைகள் மிக முக்கியம், பாத்திரம் கழுவுவதும் மாவு பிசைவதும் க்ளோஸ்-அப்பில் வரும்.

காட்சிக்கு இரண்டு டேக். முதல் டேக் எழுதியபடி. இரண்டாவதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்: கோபமான வசனத்தைச் சிரித்துக்கொண்டு சொல்வது, அழ வேண்டிய இடத்தில் அழாமல் இருப்பது. ஒரே மாதிரி இரண்டு டேக் அனுப்பினால் இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், வேடம், டேக் எண். கேமரா தானாகக் கொடுத்த எண்ணோடு நூறு கோப்பு வந்து கிடக்கும்போது பெயர் இருக்கிற கோப்புத்தான் முதலில் திறக்கப்படும்.

ஆடிஷனுக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ எங்களிடமே எடுக்க வேண்டும், சங்க கார்டு போட்டுத் தருகிறோம், எல்லாம் ஒரே வகை. காஸ்டிங் ஆளுக்குச் சம்பளம் தயாரிப்பாளர் கொடுக்கிறார், நடிகை கொடுப்பதில்லை.


கமலா_மாதுங்கா

வாசுகி, மேடையிலிருந்து வருகிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். சபாவில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய புருவமும் கையும் க்ளோஸ்-அப்பில் தாங்காது. அது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்தி சீரியலுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். வசனம் முடிந்ததும் முகபாவத்தைக் கலைத்துவிடக் கூடாது. ஐந்தாறு நொடி அப்படியே பிடித்து நிற்க வேண்டும், கட் சொல்லும்வரை. எடிட்டிங்கில் அந்த நொடிகளைத்தான் வெட்டி எடுத்து, மற்ற மூவரின் ரியாக்‌ஷனோடு ஒட்டுவார்கள். பிடித்து நிற்காத நடிகையின் ரியாக்‌ஷன் எபிசோடில் வராது. வராவிட்டால் சேனலில் உங்கள் முகம் பதியாது. பதியாத முகத்தைக் கதையில் நீட்ட மாட்டார்கள்.

கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் நாட்களில் இதுதான் உங்கள் முழு வேலை. மாமியார் கத்துகிறாள், நீங்கள் பின்னால் சின்ன அத்தை. வசனமே கிடையாது. யாரை நம்புகிறாள் இந்த அத்தை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு நின்றால் கேமரா உங்களிடம் வரும்.


வாசுகி_வடாலா

மொழி விஷயம். இதைத் தனியாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தது.

தமிழ்ப் பெண்கள் பலர் இந்தி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது. இந்தியின் நான்கு ககரமும் தமிழில் ஒரே க-வுக்குள் போய்விடும், சகரம், டகரம், தகரம், பகரமும் அப்படியே. மனப்பாடம் ஆகும்போதே நான்கும் ஒன்றாகிவிட்டால் பிறகு செட்டில் திருத்த முடியாது. தேவநாகரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தினம் அரை மணி உட்கார்ந்தால் சில வாரத்தில் வந்துவிடும். செட்டில் வசனத் தாள் பல நாள் ஷாட்டுக்குக் கொஞ்சம் முன்புதான் கைக்கு வரும். தேவநாகரி வேகமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் அத்தனை நிம்மதி.

மூச்சொலிகளுக்குப் பயிற்சி: ஒரு டிஷ்யூத் தாளை வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். மூச்சோடு சொல்ல வேண்டிய எழுத்தில் தாள் அசைய வேண்டும், மற்றதில் அசையக் கூடாது. எங்கே தவறு என்று நம் காதுக்குத் தெரியாது, தாள் காட்டிக்கொடுக்கும். அடுத்து ஆண்பால் பெண்பால். கதவு, கரண்டி, ரயில், தயிர் எல்லாவற்றுக்கும் இந்தியில் பால் உண்டு, வினை அதோடு மாறும். வசனத்தில் எழுதியிருப்பதைச் சரியாகச் சொல்லிவிடலாம். ப்ராம்ப்டிங் கேட்டுச் சொல்லும்போதும், வரியை மறந்து நாமே ஒட்டும்போதும்தான் பிசகும்.

ப்ராம்ப்டிங் என்றால் கேமராவுக்கு வெளியே நின்று ஏடி வரியைச் சொல்லச் சொல்ல, நடிகை திருப்பிச் சொல்வது. தினசரித் தொடரில் சாதாரணம். முதல் நாள் பயந்துவிடாதீர்கள். ஏடி வரியை முடிக்கட்டும், அரை நொடி விட்டு நீங்கள் தொடங்குங்கள். அவர் குரல் உங்கள் குரலோடு மேலே விழுந்தால் ஒலிப்பதிவாளர் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார், தாமதம் உங்கள் பெயரில் எழுதப்படும்.


அனிதா_செம்பூர்

ஆனால் தமிழ்ச் சாயலோடு பேசினால்தான் சில வேடம் கிடைக்கிறதே? தென்னிந்திய அம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி?


வாசுகி_வடாலா

கிடைக்கிறது. கிடைத்தால் செய்யுங்கள். சாயல் உங்கள் கையில் இருக்கட்டும், சாயலின் கையில் நீங்கள் இருக்க வேண்டாம். அறிமுக வீடியோவில் சுத்தமான இந்தியில் பேசிவிட்டு, கேட்டால் தமிழ்ச் சாயலும் வரும் என்று காட்டுங்கள். முதலிலேயே சாயலோடு மட்டும் வந்தால் வருஷம் முழுக்க அந்த ஒரே வேடம்தான்.

வரிக்கு வரி ஐயோ போட்டு எழுதி வைத்திருப்பார்கள். எதிர்த்து வாதாடுவதில் பயனில்லை. எழுதியபடி ஒரு டேக் கொடுங்கள், பிறகு "இன்னொன்று தரட்டுமா" என்று கேட்டு, உண்மையில் ஒரு திருநெல்வேலி அம்மா எப்படிச் சொல்வாளோ அப்படி ஒரு டேக் கொடுங்கள். டைரக்டர் நல்லவராக இருந்தால் இரண்டாவதை வைத்துக்கொள்வார்.

இன்னொன்று. செட்டில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்: இந்த வரியைத் தமிழில் எழுதுங்கள், தாலி எப்படி, கோலம் எப்படி, மற்ற நடிகைக்கு உச்சரிப்பு சொல்லிக் கொடுங்கள். ஒருநாள் இரண்டு நாள் உதவலாம். தொடர்ந்து கேட்டால் அது தனி வேலை, மொழி ஆலோசகர் என்று தனிச் சம்பளமும் டைட்டிலில் தனிப் பெயரும் கேளுங்கள்.


செல்வி_தாராவி

காஸ்ட்யூம் பக்கத்துலேர்ந்து நான். தமிழ் வேடம்னு வந்தா கருகமணித் தாலியை எடுத்துட்டு வந்து மாட்டுவாங்க. அங்கேயே சொல்லிடுங்க, மஞ்சக் கயிறோ தங்கச் சரடோதான்னு. மெட்டியைக் கண்டிப்பா மறப்பாங்க. மடிசார் சீன்னா ஒன்பது கஜம் வேணும், ஆறு கஜத்துல சுத்தினா இடுப்புல நிக்காது, நடக்கும்போது அவுந்துடும். ஒன்பது கஜப் பொடவை கடையில உடனே கெடைக்காது, மாதுங்கா மார்க்கெட்லதான் தேடணும். அதனால முன்னாடியே கேட்டு வையுங்கக்கா.

சீனுக்கு சீன் உடை, அலங்காரம் மாறாம இருக்க கன்டினியூட்டி போட்டோ யூனிட்ல எடுப்பாங்க, ஆனா உங்க போன்லயும் எடுங்க. ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், கை, கழுத்து. பொட்டு சைஸு, புருவத்துலேர்ந்து எவ்ளோ தூரம், வளையல் எந்தக் கைல எத்தனை, முந்தானை மடிப்பா விரிச்சா, பூ எந்தப் பக்கம். ஒரே சீனோட பாதி இன்னிக்கும் மீதி பத்து நாள் கழிச்சும் எடுப்பாங்க. அப்ப ஏடியே மாறியிருப்பான். சீன் நம்பரையும் தேதியையும் ஒரு சீட்டுல எழுதிக் கையில புடிச்சிக்கிட்டே போட்டோ எடுத்தா தேடவே வேணாம்.

உங்க சொந்தப் பொடவை கேட்டாங்கன்னா, எந்தப் பொடவை எந்தத் தொடர்ல எந்த சீன்ல போச்சுன்னு குறிச்சு வைங்க. அந்த ட்ராக் முடியறவரைக்கும் அதைத் துவைச்சு எடுத்து வெக்கணும், வேற எங்கயும் கட்டக் கூடாது. பிளவுஸுக்கு உள்தையல்ல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் விடச் சொல்லுங்க. வருசம் முழுக்க ஓடற தொடர்ல ஒடம்பு ஏறும் எறங்கும், துணி இருந்தா பிரிச்சுக்கலாம்.

அழுகைக்குப் போடற கிளிசரின் பத்தி. கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க கழட்டிட்டுத்தான் போடணும். கீழ் இமைக்கு வெளிய ஓரத்துல தொட்டா போதும், கண்ணுக்குள்ள ஊத்த வேணாம். ரொம்ப எரிஞ்சா மெந்தால் ஸ்டிக் கேளுங்க, அதை கண்ணுக்குக் கீழ தோல்ல தடவணும். அழுகை சீன்னா "க்ளோஸ் முதல்ல எடுத்துடலாமா சார்"னு கேளுங்க. நாலாவது தடவை அழறப்ப மூக்கு செவந்து, மையி கரைஞ்சு, மேக்கப் போடறவர் வந்து வந்து ஒத்தியே அரை மணி நேரம் போயிடும். முழு சீனையும் தூரத்துலேர்ந்து எடுக்கற மாஸ்டர் ஷாட்ல கண்ணீர் தெரியவே தெரியாது, அதுல எதுக்கு வீணாக்கணும்.


சிவா_சயான்

வேட வயது பற்றி யாரும் தொடவில்லை. முப்பத்தைந்து வயதில் அம்மா வேடத்தை ஒப்புக்கொள்வதா என்பது இந்தத் துறையில் பெண்களுக்கு மட்டுமே வருகிற கேள்வி. வரலாற்றில் இதற்கு நிறைய சாட்சி உண்டு.

பராசக்தியில் 1952-ல் சிவாஜியின் ஜோடியாக நடித்த பண்டரிபாய், 1969-ல் தெய்வமகனில் அப்பா சிவாஜிக்கு மனைவி, மகன் சிவாஜிகளுக்குத் தாய். அபூர்வ ராகங்களில் 1975-ல் ரஜினி நடித்தது ஸ்ரீவித்யாவின் கணவன் வேடம். 1991-ல் தளபதியில் அதே ஸ்ரீவித்யா அவருக்குத் தாய். வயதில் ரஜினியைவிடச் சிறியவர் அவர். இந்தியில் ரீமா லாகூ 1989-ல் சல்மான் கானுக்கு அம்மாவானபோது இருவருக்கும் வயது வித்தியாசம் ஏழெட்டு வருஷம்தான். 2005-ல் வக்த் படத்தில் ஷெஃபாலி ஷா தன்னைவிட வயதில் மூத்த அக்‌ஷய் குமாருக்கு அம்மா.

இதிலிருந்து "ஒப்புக்கொள்ளாதே" என்று முடிவு கட்டுவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரீமா லாகூ அம்மா வேடத்தில் உறைந்துவிடாமல் தொண்ணூறுகளில் ஸ்ரீமான் ஸ்ரீமதி, தூ தூ மைன் மைன் என்று தொலைக்காட்சி நகைச்சுவைக்குப் போனார். அங்கே அவர் வேறொரு நடிகை. லலிதா பவார் 1942-ல் ஒரு படப்பிடிப்பில் அறை வாங்கி முகத்தில் பக்கவாதம் வந்து இடக்கண் சுருங்கிப்போனது. கதாநாயகி வாய்ப்பு போனது. அந்தக் கண்ணோடேயே மாமியார் வேடங்களைக் கட்டி எழுப்பி, 1987-ல் தொலைக்காட்சி ராமாயணத்தில் மந்தரையாக வரும்வரை நடித்துக்கொண்டிருந்தார். நம் மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல். அதில் அம்மாவும் உண்டு, ஆச்சியும் உண்டு, தெருச்சண்டைக்காரியும் உண்டு. அவருக்குத் தேசிய விருது வந்தது 1989-ன் புதிய பாதைக்கு, துணை நடிகைப் பிரிவில். அந்தப் பிரிவே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தேசிய விருதில் சேர்ந்தது. முதலில் வாங்கியவர் ரோகிணி ஹட்டங்கடி.


கமலா_மாதுங்கா

சிவா சார், உங்கள் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஏற்கெனவே பெயர் இருந்தவர்கள். முப்பத்தைந்தில் முதல்முறை வருகிறவளுக்கு அது பொருந்தாது. அவள் தலையில் வெள்ளை அடித்துக்கொண்டு இருபத்தெட்டு வயது நாயகனுக்கு அம்மாவானால், காஸ்டிங் பட்டியலில் ஐம்பது பிளஸ் என்று ஏறிவிடுவாள். பிறகு அவளுடைய சொந்த வயதுக்கு எழுதப்படுகிற அண்ணி, போலீஸ் அதிகாரி, வழக்கறிஞர் எதற்கும் அழைப்பு வராது. பட்டியலில் ஏறிய வயதைக் குறைப்பது மிகக் கடினம்.


சிவா_சயான்

அதை ஏற்கிறேன் மேடம். ஆனால் மறுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதும் வழியில்லை. நீனா குப்தா 2017-ல் எனக்கு நல்ல வேடம் வேண்டும், மும்பையில்தான் இருக்கிறேன் என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். அடுத்த வருஷம் பதாயி ஹோ வந்தது. அதில் மாமியாராக நடித்த சுரேகா சிக்ரிக்கு மூன்றாவது முறையாகத் தேசிய விருது. முந்தையவை தமஸ், மம்மோ. இருவரும் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர்கள். வேலை கேட்பதில் வெட்கம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.


வாசுகி_வடாலா

இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைமுறை உண்டு. இரண்டு செட் புகைப்படம், இரண்டு அறிமுக வீடியோ. ஒன்று உங்கள் இயல்பான வயதில், நரையை மறைத்தோ மறைக்காமலோ, வழக்கமாக எப்படி இருக்கிறீர்களோ அப்படியே. இன்னொன்று பருத்திச் சேலை, கொண்டை, கண்ணாடியோடு மூத்த வேடத்தில். வயது வரம்பை "38 முதல் 48" என்று பத்துக்குள் நிறுத்துங்கள். "30 முதல் 60" என்று எழுதினால் எதற்கும் அழைக்க மாட்டார்கள். அம்மா வேடத்தை ஒப்புக்கொள்ளும் முன் பிள்ளையாக யார் நடிக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை பத்து வயது என்றால் தயங்கவே வேண்டாம். ஆனால் அப்போதும் அடுத்த கேள்வி: லீப் எப்போது?


ரகு_முலுண்ட்

லீப்! இதுக்குத்தான் காத்திருந்தேன். தொடர் டிஆர்பி இறங்கினா அஞ்சு வருஷமோ இருபது வருஷமோ கதையைத் தாண்டிக் குதிக்க வைப்பாங்க. பத்து வயசுப் பிள்ளை அடுத்த திங்கக்கிழமை முப்பது வயசு ஹீரோ. அம்மாவுக்கு மூணு வழி: நரை போட்டுக்கிட்டுத் தொடரணும், வேற நடிகை வரணும், இல்ல சுவத்துல மாலை போட்ட போட்டோ ஆகணும்.

ஒப்பந்தத்துல மூணு வரி கேளுங்க. லீப் வந்தா குறைஞ்சது 15 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். மூத்த வயசுல நடிக்க இஷ்டமில்லன்னா எந்த அபராதமும் இல்லாம வெளியேறலாம். தொடர்ந்தா ரேட்டைத் திரும்பப் பேசலாம். மூணும் கிடைக்காது. முதல் ரெண்டு வரியாவது கிடைக்கும். அப்புறம் அந்தப் போட்டோ. உங்க முகத்தை மாலையோட செட்ல மாட்டி வருஷக்கணக்கா ஓட்டினா அதுக்கும் ஒரு தொகை உண்டான்னு கேட்கலாம், கேட்டு வாங்கினவங்க இருக்காங்க.

வெளியேறும்போது பாக்கி எவ்வளவுன்னு கடைசி நாளே ஒரு மெயில் போட்டு வையுங்க: இத்தனை தேதி, இத்தனை தொகை, இந்த தேதிக்குள்ள வரணும். அவங்க மறுக்கலன்னா அது ஆதாரம். சிண்டாவுக்குப் போகணும்னாலும் ஒப்பந்தம், கால் டைம் (செட்டுக்கு வரச் சொல்ற நேரம்) மெசேஜ், பில், இந்த மெயில் நாலும்தான் கேப்பாங்க. அது 1958-லேர்ந்து இருக்கிற சங்கம், தகராறைத் தீர்க்கக் குழு உண்டு. வெறும் வாய்ப்புகாரோட போனா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.


சிவா_சயான்

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி, டைட்டிலில் பெயர். பலர் இதைக் கௌரவம் என்று நினைத்து விட்டுக்கொடுக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு எடை இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திரைப்படத்தில் தற்செயலாகச் சிறு பங்கில் வந்து, டைட்டில் உட்பட எங்கும் பெயர் குறிப்பிடப்படாதவர் நிகழ்த்துநர் என்றே கணக்கில் வர மாட்டார். தன் நடிப்பைத் திரிக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை மட்டும்தான் அவருக்கு மிஞ்சும். ராயல்டி என்ற பேச்சே நிகழ்த்துநர்களுக்குத்தான். சிறு வேடக்காரர்களைத்தான் இந்த விதி நேராகத் தொடுகிறது. கதாநாயகி பெயரை யாரும் விடப் போவதில்லை. ஆகவே பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்த டைட்டில் அட்டையில் வரும் என்று எழுதி வாங்குங்கள்.

இப்போது வரும் ஒப்பந்தங்களில் குரலையும் உருவத்தையும் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி நுழைகிறது. அதை இந்தத் தொடருக்கு மட்டும், என் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள்.


அனிதா_செம்பூர்

விளம்பரம்? ஒரே நாள் வேலை, தொகையும் நன்றாக இருக்கிறது என்கிறார்களே.


ரகு_முலுண்ட்

நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஒருநாள் கூலி இல்ல, உங்க முகத்தோட வாடகை. எத்தனை வருஷம், எந்தெந்த மாநிலம், டிவி மட்டுமா, ஆன்லைனா, ஹோர்டிங்கா, இதெல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஒரு சோப்புத்தூள் விளம்பரம் பண்ணா அந்த வருஷம் முழுக்க வேற சோப்புத்தூள் பண்ண முடியாது. அதனால "ஒரு வருஷம், இந்தியா, டிவியும் டிஜிட்டலும், அதுக்கு மேல ஓட்டினா இத்தனை விழுக்காடு"னு எழுதணும். "எல்லா ஊடகமும், என்றென்றைக்கும்"னு இருந்தா தொகை அதுக்கேத்த மாதிரி பல மடங்கு இருக்கணும். தென் மாநிலத்துக்குன்னு தனியா ஒரு வெர்ஷன் இங்கேயே மும்பையில எடுக்கிறாங்க. இந்தி வெர்ஷன்லயும் நீங்களே, தமிழ் வெர்ஷன்லயும் நீங்களேன்னா அது ரெண்டு உபயோகம், தமிழ் டப்பிங் நீங்களே பண்ணா மூணாவது. தனித்தனியா விலை பேசுங்க.


செல்வி_தாராவி

போற வர வழியும் எழுதிடறேன், புதுசா வர்றவங்க இதுலயே களைச்சிடறாங்க. ஃபிலிம் சிட்டின்னா கோரேகாவ் கிழக்கு. மாதுங்கா, சயான் பக்கம் இருக்கறவங்க தாதர் போய் மாற வேணாம், கிங்ஸ் சர்க்கிள்லேர்ந்து ஹார்பர் லைன்ல கோரேகாவுக்கே வண்டி இருக்கு. செம்பூர்க்காரங்க வடாலா ரோடுல மாறணும். ஆராம் நகருக்கு காட்கோபர்லேர்ந்து மெட்ரோவுல வெர்சோவா, அங்கேர்ந்து ஆட்டோ. மட் ஐலண்டுன்னா வெர்சோவா ஜெட்டியில படகு, இல்லன்னா மாலாட் சுத்தி ரோடு. நாய்காவ் செட்டுன்னா விரார் வண்டி. காலையில கூட்டம் தெற்கே வரும், நாம வடக்கே போறோம், அதனால தாதர்லேர்ந்து உக்காந்தே போகலாம்.

கால் டைம் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வாட்ஸ்அப்ல வரும். காலை ஏழுன்னா ஏழுக்கு மேக்கப் சேர்ல இருக்கணும்னு அர்த்தம், செட் வாசல்ல இல்ல. ராத்திரி ஒன்பதுக்கு மேல பேக்-அப் ஆனா வண்டி வேணும்னு முதல் நாளே சொல்லிடுங்க.


கமலா_மாதுங்கா

வண்டி என்றதும் பாதுகாப்பைப் பற்றி எழுத வேண்டும். 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பது செட் மட்டும் இல்லை. வேலை காரணமாகப் போகிற இடமும், கம்பெனி அனுப்புகிற வாகனமும் அதில் அடக்கம். புகார் கொடுக்கிற பெண் அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, ஆகவே ஆடிஷனுக்கு வந்தவரும் கொடுக்கலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள் குழு இருந்தே ஆக வேண்டும். குழு உறுப்பினர் யார், தொலைபேசி எண் என்ன என்று கால் ஷீட்டிலேயே போடச் சொல்லுங்கள். குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். 2024 ஆகஸ்டில் கேரளத்தில் மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா குழு அறிக்கை வெளியானபோது அதிர்ச்சி அடைந்தவர்கள் எல்லோரும், இங்கே தங்கள் செட்டில் குழு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.


அனிதா_செம்பூர்

கடைசியாக ஒன்று. அறுபது, அறுபத்தைந்துக்கு மேல்? காப்பீடு எதுவும் உண்டா?


ரகு_முலுண்ட்

தினசரிச் சம்பள ஆர்ட்டிஸ்டுக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ எதுவும் எதிர்பார்க்காதீங்க. மெடிக்கல் பாலிசி நாற்பத்தஞ்சுக்குள்ள எடுத்துடுங்க, சுகர், பிபி வந்தப்புறம் எடுத்தா காத்திருப்புக் காலம் வரும். 70 ஆனவங்களுக்கு வருமான வரம்பு இல்லாம ஆயுஷ்மான் பாரத்ல வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரை சிகிச்சை உண்டு, 2024 அக்டோபர்லேர்ந்து. ஆதார் வெச்சுப் பதிவு பண்ணணும்.


சிவா_சயான்

65 வயதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. 2020-ல் கொரோனா விதிகளில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் செட்டுக்கே வரக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு போட்டது. எழுபது வயது நடிகர் ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பாட்டி வேடக்காரிகள் வேலைக்குத் திரும்ப முடிந்தது அதனால்தான்.


கமலா_மாதுங்கா

அறுபதைத் தாண்டியவர்கள் ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் சேர்த்துக்கொள்ளலாம்: ஷிப்ட் எட்டு மணி நேரம், கால் டைம் காலை ஒன்பதுக்கு முன் இல்லை, மாடிப்படி ஏறும் காட்சிக்கு டூப், மதியச் சாப்பாடு குறித்த நேரத்தில். கேட்டால் கொடுக்கிறார்கள், ஏனென்றால் நல்ல பாட்டி நடிகைகளுக்கு இங்கே பஞ்சம். உங்கள் காட்சிகளை எல்லாம் முதல் பாதியிலேயே எடுத்துவிடும்படி ஏடியிடம் சொல்லி வையுங்கள், யூனிட்டுக்கும் அது சுலபம்.

அனிதா, உங்கள் டேப்பை வாசுகிக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துக்கு முன்னால் ரகு சாரிடம் காட்டுங்கள்.


ரகு_முலுண்ட்

கண்டிப்பா. பிடிஎஃப்பா முழுசா அனுப்புங்க மேடம். கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, தேதி விவரமெல்லாம் உள்ளே அனெக்ஸர்லதான் (இணைப்புப் பக்கம்) இருக்கும்.